அமுதவள்ளி கை தூக்கப் போன நாள்

அமுதவள்ளிக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். நாய் குரைத்தால் பயம், இடி இடித்தால் பயம், பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பயம். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. கல்யாணமாகிக் கூரான்குளத்துக்கு வந்த புதிதில் மாமியார் முத்துப்பேச்சி தெருப்பெண்களிடம், “எங்க வீட்டுக்கு வந்த மருமக கோழி கூவுனாலே திடுக்குங்குறா” என்று சொல்லிச் சிரிப்பாள். அமுதவள்ளியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

வெடிச்சத்தம் மட்டும் அந்தச் சிரிப்பில் சேராது. அவள் எட்டாவது படிக்கும்போது, பிறந்த ஊருக்குப் பக்கத்தில் பட்டாசு அடுக்கி வைத்திருந்த ஒரு கொட்டகை பட்டப்பகலில் வெடித்தது. பள்ளிக்கூடத்துச் சன்னல் கண்ணாடியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் அம்மா அந்தக் கொட்டகைக்குத்தான் வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் பிள்ளை அதன்பிறகு பள்ளிக்கு வரவில்லை. அதிலிருந்து பெரிய சத்தம் எது கேட்டாலும் அமுதவள்ளிக்குக் கை இரண்டும் சில்லிட்டுப்போகும். தீபாவளி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவாள்.

இப்படிப்பட்டவள் ஊராட்சி மன்ற உறுப்பினர் ஆனது அவளாக ஆசைப்பட்டு அல்ல. கூரான்குளம், பரளச்சிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிற ஊர். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும், பெய்யாவிட்டால் கருவேலம்தான். காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சனங்கள் இப்போது மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். அமுதவள்ளியின் புருஷன் இன்பராஜ் லோடு வண்டி ஓட்டுகிறான். உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது கீழத்தெரு வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். தெருவில் பன்னிரண்டாவது முடித்த மருமகள் அவள் ஒருத்திதான். தெரு ஆட்கள் இன்பராஜிடம் வந்து பேசினார்கள், இன்பராஜ் அவளிடம் பேசினான். எதிர்த்து நிற்க ஆள் இல்லை. பயந்துகொண்டே ஜெயித்துவிட்டாள்.

முதலில் கொஞ்ச காலம் கூட்டங்களுக்கு அவளேதான் போனாள். தலைவர் பொன்ராஜையும் சேர்த்து ஏழு பேர் உட்காருகிற சின்ன மன்றம். அவள் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் அவள் உண்டானாள். வயிற்றில் பிள்ளையோடு ஒன்றிய அலுவலகத்தில் நடந்த ஒரு பயிற்சிக்குப் பஸ்ஸில் போய்த் திரும்பினாள். மறுநாள் வலி எடுத்தது. பிள்ளை தங்கவில்லை. பஸ் பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா தெளிவாகவே சொன்னார். அமுதவள்ளியின் மனசு கேட்கவில்லை. அந்தப் பஸ் ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போட்டது அவள் இடுப்பிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு கூட்டத்துக்கு இன்பராஜ் போக ஆரம்பித்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கதவோரத்து நாற்காலியில் அவன் உட்காருவான், டீ குடிப்பான், தெருக்குழாய்க்கும் லைட்டுக்கும் அவனே பேசுவான். ஊராட்சிச் செயலர் சீனிச்சாமி மறுநாள் தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, “இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா” என்பார். அவளும் போடுவாள். நாளடைவில் ஊரே இன்பராஜைத்தான் “மெம்பரு” என்று கூப்பிட்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

இரண்டாம் தடவை உண்டானபோது டாக்டரம்மா, அலையக்கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் வாசல் தாண்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் குடோன் பேச்சு கிளம்பியது. கீழத்தெரு முடிகிற இடத்தில், அங்கன்வாடிக்குப் பின்னால், தலைவரின் மச்சினர் இருளப்பசாமிக்கு நிலம் இருந்தது. அதில் பட்டாசு இருப்பு வைக்கிற குடோன் கட்டப்போகிறார் என்றார்கள். மன்றத்தில் ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தால் அவர் மேற்கொண்டு அனுமதிக்குப் போவார்.

கேட்ட அன்றைக்கு அமுதவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. தெருப்பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்கள். “நீதானத்தா எங்க மெம்பரு. நீ வேண்டாம்னு சொன்னாத்தான் ஆகும்” என்றார்கள். இன்பராஜ் கூட்டத்தில் வாய் திறந்து எதிர்க்கவும் இல்லை, சரியென்று சொல்லவும் இல்லை. “வீட்டுல கேட்டுச் சொல்றேன்” என்று தள்ளிப்போட்டான். அவனுக்கு வருகிற லோடில் பாதி பொன்ராஜ் வகையறா மூலம் வருவது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் மன்றம் சரிபாதியாகப் பிரிந்திருந்தது. தலைவரோடு சேர்ந்து மூன்று பேர் குடோனுக்கு ஆதரவு. மளிகைக் கடை வைத்திருக்கிற நர்கிஸ், ஆடு வளர்க்கிற ரத்தினம், மேலத்தெரு ரேணுகாதேவி மூன்று பேரும் எதிர்ப்பு. மிச்சம் அமுதவள்ளி. அவள் வராவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். சமமானால் தலைவர் இன்னொரு ஓட்டுப் போட்டு முடித்துவிடலாம்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே அவளுக்கு வலி கண்டது. இன்பராஜ் தன் லோடு வண்டியிலேயே மெத்தை போட்டு அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனான். ஆபரேஷன் செய்து பெண்பிள்ளையை எடுத்தார்கள். எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அமுதவள்ளி தன் பிள்ளையை ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அதன் நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே நின்றாள். கண்ணை எடுத்தால் நின்றுபோகும் என்று அவளுக்குத் தோன்றியது.

அங்கே வைத்துத்தான் சீனிச்சாமி கூட்ட அறிவிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் தையல்கூடப் பிரிக்காத நிலையில், அந்த வாரத்திலேயே கூட்டம். பொருள், குடோனுக்கான தீர்மானம்.

“சரிண்ணே, நான் வந்துருதேன். எப்பயும் போலத்தான” என்றான் இன்பராஜ்.

சீனிச்சாமி தரையைப் பார்த்தார். “இந்தத் தடவ அது ஆகாதாம்ப்பா. உறுப்பினரே நேர்ல வந்தாத்தான் ஓட்டுன்னு தலைவர் சொல்றாரு. சட்டமும் அதுதான். இவ்வளவு நாளும் நீ வந்து உக்காந்ததுதான் தப்பு.”

“இவ்வளவு நாளா அது தப்பாத் தெரியலையா?”

“என்னக் கேட்டா நான் என்ன சொல்ல?” என்று சொல்லிவிட்டு சீனிச்சாமி சங்கடத்தோடு போய்விட்டார்.

நர்கிஸ் விஷயம் கேள்விப்பட்டதும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அவள் புருஷன் முகம்மது சுல்தான் வளைகுடாவில் இருப்பதால் பேங்கு, அலுவலகம் என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக அலைந்து பார்த்துப் பழகியவள். பிள்ளை பெற்றவளுக்குக் கூட்டத்தைத் தள்ளிவைக்க வழி உண்டா, போனில் ஓட்டுச் சொல்லலாமா, எழுதிக் கொடுத்தால் ஏற்பார்களா, அவள் சார்பில் வேறு ஆள் கை தூக்கலாமா என்று ஒன்று விடாமல் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. பேசியவர் நல்லமாதிரிதான் பேசினாராம். “லீவுங்கிறது சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்களுக்கும்மா. உறுப்பினருக்கு அப்படி ஒண்ணு கிடையாது. வந்தா ஓட்டு, வரலைன்னா இல்ல. அவ்வளவுதான்” என்றாராம்.

மறுநாள் பார்வை நேரத்தில் இருளப்பசாமி வந்தார். கையில் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் இருந்தன. இன்பராஜ் மருந்து வாங்கப் போயிருந்தான். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாக, கட்டிலுக்கு எட்டத்தில் மரியாதையாக நின்றுகொண்டு பேசினார்.

“பிள்ள எப்படிம்மா இருக்கு?”

“பெட்டியில வச்சிருக்காகண்ணே.”

“சரியாப் போகும், பயப்படாத. நீ பச்ச உடம்புக்காரி. கூட்டம் கீட்டம்னு மனசப் போட்டு அலட்டிக்காத. அங்க நாங்க பாத்துக்கிடுதோம்.” கொஞ்சம் நிறுத்தினார். “ரோடும் சரியில்ல தங்கச்சி. ரெட்டியபட்டி தாண்டிட்டா பூராம் குழிதான். தையல் பிரிஞ்சு போச்சுன்னா யாரு பொறுப்பாகுறது? இன்பராஜும் பாவம், ராப்பகலா லோடு அடிக்கான். பைபாஸ்ல எந்த லாரிக்காரன் எப்படி வாரான்னு சொல்ல முடியல. பாத்துப் போகச் சொல்லு.”

அவர் குரலில் கோபமே இல்லை. கிளம்பும்போது திரும்பி, “பிள்ளைய எந்த ரூம்ல வச்சிருக்காக? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்” என்றார்.

பக்கத்துக் கட்டில்காரி, “அங்கன வெளி ஆளுகள விட மாட்டாக” என்று சொன்னதால் அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இன்பராஜ் திரும்பி வந்ததும் அவனை மூச்சுவிடக்கூட விடாமல், பிள்ளை இருக்கிற இடத்துக்கு ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அனுப்பினாள். இருட்டுவதற்குள் அவன் எத்தனை தடவை நடந்தான் என்று அவனுக்கே தெரியாது.

கடைசியில் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, “வேண்டாம் அமுதா. போகாத. தெருவுக்காக நம்ம உசுரக் குடுக்க முடியுமா?” என்றான். அவன் உதடு வறண்டிருந்தது. அவனும் பயப்படுகிறான் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். “நான் போகல” என்றாள். சொன்னதும் உடம்பு லேசாயிற்று. நர்கிஸுக்குப் போன் செய்து, “நான் வரலக்கா” என்றும் சொல்லிவிட்டாள். நர்கிஸ் கோபப்படவில்லை. “சரிம்மா. உடம்பப் பாத்துக்க” என்று வைத்துவிட்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பிள்ளையை முதன்முதலாக அவள் கையில் கொடுத்தார்கள். உடம்பு மஞ்சளாக இருந்ததால் நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் வெளியே எடுத்தார்கள். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற தலை. இன்பராஜ் குனிந்து அதன் பாதத்தை விரலால் தொட்டான். இத்தனை நாளில் அவன் முகம் தெளிந்தது அப்போதுதான். “ரெண்டு வயசுல நம்ம தெரு அங்கன்வாடிக்கு இதக் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப்...” என்றவன் அப்படியே நிறுத்திவிட்டான். அங்கன்வாடியின் பின்சுவருக்கும் இருளப்பசாமியின் நிலத்துக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான்.

விடிந்ததும் அமுதவள்ளி எழுந்து உட்கார்ந்திருந்தாள். “நான் போறேன்” என்றாள்.

“நேத்து வேண்டாம்னியே?”

“போறதுக்கும் பயமாத்தான் இருக்கு. போகாட்டா, அந்தத் தெருவுல பிள்ளைய வச்சுக்கிட்டுத் தெனமும் பயந்து சாகணும். இன்னைக்கு ஒரு நா பயந்துட்டு வந்துருதேன்.”

“நான் வேணா போயிப் பேசிப் பாக்கட்டுமா?”

“நீங்க போனாச் செல்லாதுன்னுட்டாகள்ல. நீங்க இங்க இருங்க. பிள்ளகிட்ட இருந்து நகரக்கூடாது. ஒண்ணுக்குக்கூடப் போகக்கூடாது.”

அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா முதலில் முடியவே முடியாது என்றார். அவள் விடாமல் அழுது கேட்டபின், “உங்க பொறுப்புல போறேன்னு எழுதிக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள இந்தக் கட்டில்ல இருக்கணும்” என்று திட்டிக்கொண்டே போனார். பால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போக நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். சங்கு மாதிரி இருக்கிற பாலாடையால் புகட்டுவது எப்படி என்று இன்பராஜுக்கும் காட்டினார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அவன் விரல்களுக்குள் அந்தப் பாலாடை நிற்கவே இல்லை.

“எனக்கெல்லாம் ஒரு வருஷம் லீவு குடுத்தாங்க. உங்களுக்கு ஒண்ணுமே கிடையாதா?” என்று நர்ஸம்மா கேட்டார்.

“நாங்க வேலைக்காரக இல்லையாம் சிஸ்டர்” என்றாள் அமுதவள்ளி.

போனில் சொன்னதும் நர்கிஸ் தன் தம்பி முஸாஃபரின் ஆட்டோவோடு வந்து நின்றாள். அமுதவள்ளி ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு ஏறினாள். அருப்புக்கோட்டை எல்லை தாண்டும்வரை பின்னால் ஏதாவது வண்டி வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முஸாஃபர் ஒவ்வொரு குழிக்கும் ஆட்டோவை நிறுத்தி நிறுத்தி இறக்கினான். அப்படியும் ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றைக் கொக்கி போட்டு இழுப்பதுபோல் இருந்தது. முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போன நினைப்பு வந்துவிடக்கூடாது என்று அவள் ரோட்டோரத்துப் பருத்திச் செடிகளையே பார்த்தாள். நினைப்பு வந்துகொண்டேதான் இருந்தது.

எம்.ரெட்டியபட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு டிப்பர் லாரி நின்றது. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். முஸாஃபர் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

“ஆக்ஸில் போயிருச்சாம்க்கா. ஆள் வந்து எடுக்க மத்தியானம் ஆகுமாம்.”

அமுதவள்ளி நர்கிஸின் கையைப் பிடித்தாள். “அக்கா, திரும்பிருவோம்” என்றாள். “இது அவுக வேலதான். நம்ம வாரது தெரிஞ்சு போச்சு.”

“இருக்கலாம். சும்மாவும் நின்னிருக்கலாம்” என்றாள் நர்கிஸ். அவள் குரலும் சரியாக இல்லை. “திரும்பணும்னா இப்பவே சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

அந்த இரண்டு பேரில் ஒருத்தன் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே போனில் யாரிடமோ பேசினான். அமுதவள்ளி அவன் வாயையே பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போகவும் அதே ரோடுதான் என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. பின்னாலும் ஒருத்தன் நின்றால் என்ன செய்வது? முன்னால் போனால் ஊராவது இருக்கிறது.

“காட்டுக்குள்ள எறங்கிச் சுத்திப் போகலாமா?” என்று முஸாஃபரிடம் கேட்டாள்.

ஆட்டோவைக் காட்டுக்குள் இறக்கினார்கள். முந்தின நாள் பெய்த தூறலில் கரிசல் இளகியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் சக்கரத்தில் மண் அப்பி ஆட்டோ நின்றுவிட்டது. நர்கிஸும் முஸாஃபரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். அமுதவள்ளி இறங்கி, தலையணையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நடந்தாள். செருப்பில் மண் கட்டி கட்டியாக ஒட்டியது. செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். ரோட்டுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. லாரிக்கு அப்பால் ரோடு ஏறியதும் ஆட்டோ வந்து சேர்ந்தது. ஏறி உட்காரும்போது தையல் போட்ட இடத்தில் ஈரம் கசிவதுபோல் இருந்தது. குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் எப்போதோ ஆரம்பித்துவிட்டது. ரத்தினம்தான் அதை இழுத்துப் பிடித்து வைத்திருந்தார். தீர்மானத்துக்குப் போகவிடாமல், முதலில் தெரு விளக்கைப் பற்றிக் கேட்டார், அப்புறம் சாக்கடையைப் பற்றிக் கேட்டார், பதில் காதில் விழவில்லை என்று திரும்பவும் விளக்கைப் பற்றிக் கேட்டார். பொன்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அமுதவள்ளி நர்கிஸின் தோளைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றதும் ரத்தினம், “சரி, அந்த லைட்டு கெடக்கட்டும். தீர்மானத்தப் பாப்போம்” என்று உட்கார்ந்துவிட்டார்.

பொன்ராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சேற்றுக்கால், கசங்கிய சேலை, கையில் ஆஸ்பத்திரித் தலையணை.

“வா தாயி. என்னத்துக்கு இம்புட்டுச் சிரமம்? இன்பராஜு வரலையா?”

“பிள்ளகிட்ட இருக்காக” என்றாள்.

கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்ச்சன்னலுக்கு வெளியே இருளப்பசாமி நிற்பது தெரிந்தது. உள்ளே வர அவருக்கு அனுமதி கிடையாது. அவர் அவளையே பார்த்தார். பார்த்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துத் திரும்பி நின்று பேசினார். யாரிடம் பேசுகிறார்? ஆஸ்பத்திரியில் இருக்கிற யாரிடமாவதா? பிள்ளை இருக்கிற ரூமை அவர் கேட்டது அவள் காதில் திரும்பத் திரும்ப ஓடியது. பொன்ராஜ் தீர்மானத்தை வாசித்ததில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு ஏறவில்லை.

ஆதரிக்கிறவர்கள் கை தூக்கினார்கள். தலைவரோடு மூன்று கை. எதிர்க்கிறவர்களைக் கேட்டார். நர்கிஸ் தூக்கினாள், ரத்தினம் தூக்கினார், ரேணுகாதேவி தூக்கினாள். அமுதவள்ளியின் கை தலையணை மேலேயே இருந்தது. அவள் தூக்க நினைத்தாள். அது தன் கை மாதிரியே இல்லை. எழுந்து ஓடி, பிள்ளை இருக்கிற இடத்தில் போய் விழவேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. நர்கிஸ் அவளைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை மேலே போனது. தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. வயிறு இழுத்தது.

“இது தூக்குனதா, தூக்காததா? ஒண்ணும் வெளங்கலையே தாயி” என்றார் பொன்ராஜ்.

சீனிச்சாமி பேனாவோடு அவளைப் பார்த்தார். “வாயால சொல்லிட்டாலும் போதும்மா.”

“வேண்டாம்னு எழுதுங்க” என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னாள். “எங்க தெருவுக்குப் பின்னால அது வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு. வேண்டாம்னு எழுதுங்க.”

சீனிச்சாமி எழுதினார். தீர்மானம் விழுந்தது. பொன்ராஜ், “சரி, பாப்போம்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

வெளியே வந்ததும் அமுதவள்ளி இன்பராஜுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. ஆட்டோ கிளம்பி, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை ரோட்டைப் பிடிக்கிறவரை போட்டுக்கொண்டே இருந்தாள். நர்கிஸும் தன் போனிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை போட்டுக்கொண்டே வந்தாள். குழிகளில் ஆட்டோ தூக்கிப்போட்டது இப்போது அவளுக்கு வலிக்கவே இல்லை. “வேகமாப் போப்பா, வேகமாப் போப்பா” என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள். வேறு வார்த்தை அவளிடம் இல்லை.

ஆஸ்பத்திரிப் படியில் நர்கிஸின் பிடியை உதறிவிட்டு ஏறினாள். பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசலில் ஒரு பெஞ்சு. அதில் இன்பராஜ் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தான். மடியில் துணிச்சுருள். ஒரு கை பிள்ளையின் தலைக்கு அடியில், இன்னொரு கையில் பாலாடை. ஒவ்வொரு சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. சட்டைப்பைக்குள் போன் நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஏன் எடுக்கல?” அவள் கத்தவில்லை, கேட்டாள் அவ்வளவுதான்.

அவன் தலையைத் தூக்காமலே, “எந்தக் கையால எடுக்க? அசஞ்சா மூக்குல ஏறிரும்னு சிஸ்டர் சொல்லியிருக்காக” என்றான். “எவனும் வரல. நான் எந்திரிக்கவே இல்ல.”

அமுதவள்ளி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் சேலையில் ரத்தக்கறை பரவியிருப்பதை நர்கிஸ் பார்த்தாள்.

தையலில் இரண்டு விட்டுப்போயிருந்தது. காய்ச்சல் வந்து, சீழ் வைத்து, பிள்ளைக்குச் சரியான பிறகும் தாயை வீட்டுக்கு அனுப்பவில்லை. டாக்டரம்மா தினமும் திட்டிக்கொண்டே கட்டுப் போட்டார். இன்பராஜ் லோடு வண்டியைச் சும்மா நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டான். பொன்ராஜ் பக்கத்து லோடு எப்படியும் நின்றுபோயிருந்தது. அப்புறம் அவன் அருப்புக்கோட்டைக் கடைகளுக்கு ஓட்டத் தொடங்கினான்.

இருளப்பசாமி ஒன்றும் செய்யவில்லை. தெருவில் பார்த்தால், “பிள்ள நல்லாருக்கா தங்கச்சி?” என்று அதே குரலில்தான் கேட்டார். குடோனை, வீடுகள் இல்லாத ஒரு பொட்டலில் வேறு யாரோடோ கூட்டுச் சேர்ந்து கட்டினார் என்று பேச்சு. அன்றைக்குச் சன்னலுக்கு வெளியே அவர் யாரிடம் பேசினார், அந்த லாரிக்கு நிஜமாகவே ஆக்ஸில் போனதா என்பதெல்லாம் கடைசிவரை தெரியவில்லை. தெரியாததாலேயே அமுதவள்ளியின் பயமும் முழுசாகப் போகவில்லை. இன்பராஜ் வர நேரமானால் இன்றைக்கும் பைபாஸ் பக்கமே அவள் நினைப்பு ஓடும்.

அதன்பிறகு பதவியில் இருந்த காலமெல்லாம் கூட்டங்களுக்கு அவளே போனாள். சில நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரும்பாலும் இன்பராஜ் அதை வாசலில் தூக்கிக்கொண்டு நின்றான். மன்றத்தின் காலம் முடிந்து இப்போது தனி அலுவலர்தான் எல்லாம் பார்க்கிறார். அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை தாவித் தாவி அங்கன்வாடிக்குப் போகிறது.

போன வாரம் நர்கிஸ் வந்திருந்தாள். “தேர்தல் வந்தா, தலைவருக்கே நில்லு” என்றாள்.

“எனக்குப் பயமா இருக்குக்கா.”

“மாட்டேன்னு சொல்லலையே?”

அமுதவள்ளி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். தனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதை அவள் இன்பராஜிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

“தேர்தல் எந்த மாசம் வரும்னு விசாரிச்சுச் சொல்லுங்கக்கா” என்றாள்.